முட்டை கற்றுத்தரும் மூன்று கேள்விகள்

“உங்கள் பிள்ளை கணிதத்தில் சிறப்பானா, இசையில் சிறப்பானா? மரபணுவே சொல்லிவிடும்!” இத்தகைய விளம்பரங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினால் போதும், பிள்ளையின் திறமைகளைப் பட்டியல் போட்டுத் தந்துவிடுவார்களாம். செய்தித் தலைப்புகளும் இதற்குச் சளைத்தவை அல்ல. ‘கோபத்தின் மரபணு’, ‘நினைவாற்றலின் மரபணு’ என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது.

இவற்றில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது? இதை முடிவு செய்ய நீங்கள் மரபியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை, மாணவர்களே. மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் போதும். அந்த மூன்றையும் மிகத் தெளிவாகக் கற்றுத் தருவது கோழி முட்டை. முட்டைக்குள் வளரும் கருவில் மூளையும் முதுகுத் தண்டும் எப்படி உருவாகின்றன, அதில் எந்த மரபணுவுக்கு என்ன பங்கு என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். அவர்கள் கையாளும் முறையைப் புரிந்துகொண்ட ஒருவரை மரபணுவின் பெயரைச் சொல்லி எளிதில் ஏமாற்ற முடியாது என்பது என் கருத்து. அது ஏன் என்று பார்ப்போம்.

முட்டையில் ஒரு சன்னல்

கடையில் வாங்கும் முட்டையில் பொதுவாகக் கரு இருக்காது. சேவலோடு சேராத கோழி இட்ட முட்டை அது. கருவுற்ற முட்டையை ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் 21 நாளில் குஞ்சு வெளிவரும். இடையில் ஓட்டில் சிறு சன்னல் ஒன்றை வெட்டி உள்ளே பார்க்கலாம். பார்த்த பின் ஒட்டுநாடாவால் மூடி மறுபடியும் வெப்பப் பெட்டியில் வைத்தால் கரு தொடர்ந்து வளரும். தாயின் வயிற்றுக்குள் வளரும் எலிக் குட்டியை இவ்வளவு எளிதாக எட்டிப் பார்க்க முடியாது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கோழி முட்டைகளை ஒவ்வொரு கட்டத்திலும் உடைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று நாளானதும் இதயம் ஒரு சிவப்புப் புள்ளியாகத் துடிப்பதை எழுதியும் வைத்திருக்கிறார்.

நரம்பு மண்டலத்தின் கதை அதற்கும் முன்பே, இரண்டாம் நாளில் தொடங்கிவிடுகிறது. கருவின் முதுகுப் பக்கத்தில் தட்டையாகக் கிடக்கும் உயிரணுப் படலத்தின் இரு ஓரங்களும் எழும்பி, நடுவில் சந்தித்து, குழலாக மூடிக்கொள்கின்றன. இதற்கு நரம்புக்குழல் என்று பெயர். இதன் முன்பகுதி மூளையாகும். மற்றது முதுகுத் தண்டாகும். மனிதக் கருவிலும் இதே வேலை நான்காவது வாரத்திற்குள் முடிகிறது. தான் கருவுற்றிருப்பதே பல தாய்மார்களுக்கு அப்போது தெரிந்திருக்காது. குழல் சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத் தண்டுக் குறைபாட்டோடு பிறக்கலாம். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் பெண்களுக்குச் சொல்வது இதனால்தான். ஆகவே, முட்டைக்குள் நடப்பது ஏதோ கோழியின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

முட்டைக்கு இன்னொரு வசதியும் உண்டு. அது மலிவானது. 1938-இல் இத்தாலியில் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தது. அதனால் பல்கலைக்கழகத்தில் பணியாற்ற முடியாமல் போனவர்களில் ரீட்டா லெவி-மொந்தால்சினி என்ற இளம் மருத்துவரும் ஒருவர். அவர் தூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கிக்கொண்டார். கோழிக் கருவின் ஒரு பக்கத்தில் மட்டும், உறுப்பு முளைக்க வேண்டிய மொட்டை அகற்றினார். அந்த உறுப்புக்கு நரம்பு அனுப்ப வேண்டிய உயிரணுக்கள் உருவான பிறகு மடிந்துபோவதைக் கண்டார். அந்தத் தேடல் பின்னர் அமெரிக்காவில் தொடர்ந்தது. அவரும் ஸ்டான்லி கோஹெனும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கண்டறிந்து, 1986-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அவர் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டார் என்பதைக் கவனியுங்கள். மறுபக்கத்தை அப்படியே விட்டுவைத்தார். ஒரே முட்டை, ஒரே வெப்பம், ஒரே வயது. இரு பக்கத்துக்கும் வேறுபாடு ஒன்றுதான். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்தவர்களுக்குக் ‘கட்டுப்படுத்தப்பட்ட மாறி’ என்ற சொல் நினைவிருக்கும். அதை இவ்வளவு அழகாகக் காட்டும் சோதனைகள் அதிகம் இல்லை.

மரபணுவை உள்ளே அனுப்புவது எப்படி?

வெட்டி எடுத்துப் பார்த்தால் ஒரு திசுவின் பங்கு தெரியும். ஒரு மரபணுவின் பங்கு தெரிய வேண்டுமானால், அந்த மரபணுவையே கருவுக்குள் அனுப்ப வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு எளிய வழி ஒன்றைக் காட்டினார்கள்.

ஏறக்குறைய இரண்டு நாள் வளர்ந்த முட்டையிலிருந்து முதலில் சில மில்லிலிட்டர் வெள்ளைக்கருவை ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். கரு சற்றுக் கீழே இறங்குவதால், ஓட்டில் சன்னல் வெட்டும்போது அதற்குக் காயம் படுவதில்லை. பிறகு, மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியின் மூலம் நரம்புக்குழலின் உட்குழிவுக்குள் டிஎன்ஏ கரைசலைச் செலுத்துகிறார்கள். கருவின் இரு பக்கமும் இரண்டு சிறு மின்முனைகளை வைத்து, சுமார் 25 வோல்ட் அளவில், ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும் ஐந்து மின்துடிப்புகளைக் கொடுக்கிறார்கள். அந்தக் கணத்தில் உயிரணுக்களின் சவ்வில் நுண்ணிய துளைகள் திறந்து மூடுகின்றன. டிஎன்ஏ உள்ளே புகுந்துவிடுகிறது.

இங்கே இயற்பியல் நமக்கு ஒரு பரிசு தருகிறது. டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே அது நேர்மின்முனையை நோக்கி மட்டுமே நகரும். குழலின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் புதிய மரபணு நுழையும்; மறுபக்கச் சுவர் பழையபடியே இருக்கும். எந்த உயிரணுக்கள் மரபணுவைப் பெற்றன என்று தெரிவதற்காக, சொறிமீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவையும் சேர்த்து அனுப்புகிறார்கள். இந்தப் புரதத்தைக் கண்டறிந்து வளர்த்தெடுத்தவர்களுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்புக்குழலின் ஒரு பாதி பச்சையாக ஒளிரும், மறுபாதி இருளாக இருக்கும். ஒளிரும் பாதியில் ஏதேனும் மாறியிருந்தால், இருண்ட பாதி அதற்குச் சாட்சி.

நல்ல ஆய்வாளர் இதோடும் நிறைவடைவதில்லை. மாற்றத்துக்குக் காரணம் அந்த மரபணுவா, அல்லது அந்நிய டிஎன்ஏ உள்ளே நுழைந்த அதிர்ச்சியா? இதை அறிய, வேறு சில முட்டைகளில் பச்சை ஒளிர் மரபணுவை மட்டும் தனியாகச் செலுத்துகிறார். அங்கும் அதே மாற்றம் வந்தால் முதல் முடிவைக் கைவிட வேண்டியதுதான்.

மூன்று கேள்விகள்

இப்போது கேள்விகளுக்கு வருவோம். ஒரு மரபணுவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆம், நீங்கள் நினைக்கும் அதே கணினி விளையாட்டு நாயகனின் பெயர்தான். ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு பழ ஈயில் முதலில் கண்டறியப்பட்டது. அது பழுதான ஈயின் புழு உடலெங்கும் முள்ளோடு முள்ளெலி போல இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. முதுகெலும்புள்ள விலங்குகளில் அதன் உறவு மரபணுவை 1993-இல் கண்டறிந்தவர்கள் விளையாட்டாகச் சோனிக் என்று சேர்த்துவிட்டார்கள். நரம்புக்குழலுக்கு அடியில் முதுகுநாண் என்ற கம்பி போன்ற திசு இருக்கிறது. இந்த மரபணு உருவாக்கும் புரதத்தை அது சுரக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் குழலின் கீழ்ப்பகுதியில் தோன்றுவதற்கு இந்தப் புரதம் காரணமா?

முதல் கேள்வி: சேர்த்தால் வருகிறதா? இன்னொரு முதுகுநாணைக் குழலின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தபோது, வழக்கமாகத் தோன்றாத அந்த இடத்திலும் தசை இயக்கும் நரம்பணுக்கள் தோன்றின. மின்துடிப்பு முறையில் இந்த மரபணுவை மட்டும் ஒரு பக்கத்தில் மேலே செலுத்தினாலும், கீழ்ப்பகுதிக்கு உரிய உயிரணுக்கள் அந்தப் பக்கத்தில் மேலே தோன்றுகின்றன. மறுபக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இரண்டாம் கேள்வி: எடுத்தால் நிற்கிறதா? சேர்த்தால் வருகிறது என்பதால் மட்டும், இயல்பான வளர்ச்சியில் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறு வழியிலும் அது வரலாம். ஆகவே கோழித் திசுவில் அந்தப் புரதத்தை மட்டும் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தார்கள். தசை இயக்கும் நரம்பணுக்கள் தோன்றவில்லை. 1996-இல் இந்த மரபணு இல்லாத எலிகளை உருவாக்கியபோது, குழலின் கீழ்ப்பகுதிக்கு உரிய உயிரணுக்கள் பெரும்பாலும் காணாமல் போயின. இன்று கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியைக் கோழிக் கருவுக்குள்ளேயே செலுத்தி, வேண்டிய மரபணுவை வெட்ட முடிகிறது. அந்தக் கத்தரியை உருவாக்கிய இருவருக்கு 2020-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் கேள்வி: திருப்பிக் கொடுத்தால் மீள்கிறதா? இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மரபணுவை முடக்கியதும் கோளாறு வந்தது என்று வைத்துக்கொள்வோம். முடக்கப் பயன்படுத்திய கருவி தவறுதலாக வேறொரு மரபணுவையும் கெடுத்திருந்தால்? ஆகவே முடக்கிய மரபணுவின் நல்ல பிரதி ஒன்றை, அந்தக் கருவியால் அடையாளம் காண முடியாதபடி சிறிது எழுத்து மாற்றி, அதே உயிரணுக்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கோளாறு சரியானால் குற்றவாளி இந்த மரபணுதான் என்று சொல்லலாம். சரியாகாவிட்டால் தேடலை மறுபடியும் தொடங்க வேண்டும்.

சேர், எடு, திருப்பிக் கொடு. மூன்றுக்கும் பக்கத்தில் தொடாத ஒன்றை ஒப்பீட்டுக்காக வை. இவ்வளவுதான் முறை.

வளர்ந்துவரும் கருவிப் பெட்டி

கருவிகள் இதோடு நிற்கவில்லை. மின்துடிப்பில் அனுப்பிய டிஎன்ஏ பொதுவாக உயிரணுவின் சொந்த டிஎன்ஏவோடு இணைவதில்லை. உயிரணுக்கள் பிரியப் பிரிய அது நீர்த்துப்போய்ச் சில நாள்களில் பயனற்றதாகிவிடும். இதைத் தீர்க்க, மெடக்கா என்ற ஜப்பானிய நெல்வயல் மீனில் கண்டறிந்த ‘தாவும் மரபணு’ ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அது தன்னோடு வேண்டிய மரபணுவையும் தூக்கிக்கொண்டு போய்க் கோழியின் குரோமோசோமில் நிலையாக அமர்ந்துகொள்கிறது. டாக்சிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுக்கும்போது மட்டும் மரபணு இயங்கும்படியும் செய்யலாம். 1911-இல் பெய்ட்டன் ரவுஸ் கோழியின் புற்றுக்கட்டியில் கண்டறிந்த வைரஸ்கூட இன்று நோய் தரும் பகுதி நீக்கப்பட்டு, கோழிக் கருவுக்கு மரபணு சுமக்கும் வண்டியாகிவிட்டது.

2004-இல் முழு மரபணுத் தொகுப்பும் வாசித்து வெளியிடப்பட்ட முதல் பறவை கோழிதான். அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது செங்காட்டுக்கோழி. நம் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் திரியும் ‘ஆயாம் ஹுத்தான்’ இதே இனம். அதன் டிஎன்ஏவில் ஏறத்தாழ 100 கோடி எழுத்துகள் இருக்கின்றன. மனிதனுடையதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மரபணுக்களின் எண்ணிக்கையில் நமக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மரபணுக்கள் எத்தனை என்பதைவிட, அவை எங்கே, எப்போது, எவ்வளவு இயங்குகின்றன என்பதுதான் முக்கியம் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஒரு மரபணு, ஒரு திறமை?

சோனிக் ஹெட்ஜ்ஹாக்கை மறுபடியும் பாருங்கள். கோழிக் கருவிலிருந்து பிரித்தெடுத்த நரம்புத் திசுவில் இந்தப் புரதத்தைச் சிறிதளவு சேர்த்தால் தசை இயக்கும் நரம்பணுக்கள் உருவாகின்றன. அளவைக் கூட்டினால் குழலின் அடித்தளத்துக்கு உரிய வேறு வகை உயிரணுக்கள் உருவாகின்றன. இதே மரபணு இறக்கை மொட்டில் இயங்கும்போது எந்த விரல் எங்கே வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. ஆக, இது விரலுக்கான மரபணுவா, நரம்புக்கான மரபணுவா? கேள்வியே பொருந்தவில்லை, பார்த்தீர்களா? இடமும் காலமும் அளவும் தெரியாமல் ஒரு மரபணுவுக்குப் பட்டம் சூட்ட முடியாது.

தசை இயக்கும் ஒரு நரம்பணுவுக்கே இந்த நிலை என்றால், கணிதத் திறமைக்கு என்ன சொல்வது? அத்தகைய பண்புகளில் ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் மிகச் சிறு பங்கு வகிக்கின்றன. வீடு, ஆசிரியர், உறக்கம், பயிற்சி ஆகியவையும் சேர்கின்றன. திறமைச் சோதனை விற்பவர்களிடம் நம் மூன்று கேள்விகளைக் கேட்டால் ஒன்றுக்கும் பதில் இருக்காது. பதில் இல்லாத ஓர் அறிக்கையை நம்பி, “உனக்குக் கணிதம் வராது” என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கையை அப்படித் திருப்பித் தர முடியாது.

அதற்காக எல்லா மரபணுச் சோதனையும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சுகாதார அமைச்சு தலசீமியா பரிசோதனை நடத்துகிறது. அதை மூன்று கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். பீட்டா தலசீமியாவில், பழுதான பிரதிகள் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் நோய் வருகிறது. ஒரு குறிப்பிட்ட மரபணு வேலை செய்யாததால் ஹீமோகுளோபின் குறைகிறது. வேலை செய்யும் மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால்? 2022-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மரபணுச் சிகிச்சை அதைத்தான் செய்கிறது. அதைப் பெற்ற நோயாளிகளில் பெரும்பாலோர்க்குத் தொடர்ந்து இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தேவை நீங்கியது. இந்தச் சோதனை மூன்று கேள்விகளுக்கும் பதில் தருகிறது. எனவே பள்ளியில் அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். இரண்டு சோதனைகளுமே ‘மரபணு’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றன. அவற்றைப் பிரித்தறியும் திறன் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

“கோழி மனிதன் இல்லையே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பறவையின் முன்மூளை நம்முடைய பெருமூளைப் புறணியைப் போல ஆறு அடுக்குகளாக அமைந்ததில்லை. கோழிக் கருவில் கண்டதை எலியிலும், இப்போது மனித உயிரணுக்களிலிருந்து தட்டில் வளர்க்கும் திசுக்களிலும் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் நரம்புக்குழல் உருவாகும் தொடக்கக் கட்டத்தில் நமக்கும் கோழிக்கும் உள்ள ஒற்றுமை மிகப் பெரிது. மேலும், தட்டில் வளரும் திசுவுக்கு இதயமும் இல்லை, உடலும் இல்லை. முழு உடலுக்குள், மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை முட்டை இன்னும் தருகிறது.

“கருவைக் கொல்வது சரியா?” என்பது இரண்டாவது. இதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. நரம்புக்குழல் ஆய்வுகள் பெரும்பாலும் முதல் சில நாள்களிலேயே, வலியை உணரும் மூளை உருவாவதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகின்றன. பிரிட்டனில், அடைகாக்கும் காலத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு தொடங்கியதும், அதாவது கோழிக்கு 14-ஆம் நாளிலிருந்து, கருவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இப்படி ஒரு கோடு இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன். அதோடு, ஒப்பீடு சரியாக அமையாத சோதனையால் உயிரும் வீண், உழைப்பும் வீண். ஒரே கருவில் இரு பக்கத்தையும் ஒப்பிடும் முறை குறைந்த முட்டைகளில் தெளிவான விடை தருகிறது என்பதும் அதன் சிறப்புகளில் ஒன்று.

உங்கள் பள்ளியில் முட்டைக்குள் டிஎன்ஏ செலுத்தும் வசதி இருக்காது. அது தேவையும் இல்லை. அடுத்த அறிவியல் விழாவுக்கு ஓர் உரத்தையோ ஒரு சத்து மாவையோ சோதிக்கப் போகிறீர்கள் என்றால், கொடுத்துப் பாருங்கள், நிறுத்திப் பாருங்கள், மறுபடியும் கொடுத்துப் பாருங்கள். பக்கத்திலேயே எதுவும் கொடுக்காத ஒரு செடியை வளர்க்க மறக்காதீர்கள். பரிசு பெறும் மாதிரிகள் பலவற்றில் அந்தச் செடி இருப்பதில்லை. உங்களுடையதில் இருக்கட்டும்.